கை பட்ட இடமெல்லாம் துரு

ஆயுத அறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நானில்லை என்பது கேட்டவர்களுக்கே தெரியும். போதாக்குறைக்கு, நான் பேசி யாராவது காது கொடுத்துக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் எவ்வளவு போடுவது, குழலை எதால் துடைப்பது, மழைக்காலத்தில் என்ன செய்வது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள். உங்களுக்கு இப்போது ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் தருகிறார்கள், அறையைச் சூடாக வைக்க இயந்திரம் தருகிறார்கள். நல்லது. ஆனால் துருவைக் கண்டதும் பக்கத்தில் நிற்கிறவன்மேல் பாய்கிற அவசரம் இருக்கிறதே, அதை அடக்க எந்தப் பொட்டலமும் இல்லை. நான் அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் விலகாத வருஷங்கள் அவை. ராயபுரத்தில், கடலைப் பார்த்த மாதிரி இருந்த ஒரு கிடங்குக் கம்பெனியில் எனக்கு வேலை. கப்பலில் வந்து இறங்கும் சரக்கை வண்டி ஏற்றும்வரை காவல் காப்பதற்குத் துப்பாக்கிக் காவலர்கள் இருந்தார்கள். அவர்களுடைய துப்பாக்கிகள் என் பொறுப்பு. கருங்கல் அறை, ஒரே ஒரு இரும்புக் கதவு, கை நுழைகிற அளவுக்குக் கம்பி விலக்கிய ஒரு ஜன்னல். காவலுக்குப் போகிறவன் ஜன்னலில் துப்பாக்கியை வாங்கிக்கொள்வான். திரும்பி வந்தவன் அதே ஜன்னலில் கொடுப்பான். கொடுத்து வாங்குகிற நேரம் தவிர ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டும். அலை அடிக்கிற நாளில் அந்தக் காற்றை நாக்கால் தொட்டாலே கரிக்கும். அது உள்ளே வந்தால் என் பிழைப்பு போச்சு.

கதவுக்கு ஒரே சாவி. அந்தச் சாவி என் இடுப்பில். சாவி வைத்திருப்பவன் கூப்பிடு தூரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அறைக்குப் பின்னாலேயே எனக்கு ஒரு கட்டிலும் அடுப்பும் கொடுத்திருந்தார்கள். மாற்று ஆள் எப்போதாவது வருவான், அன்றைக்குத் தண்டையார்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன். அக்கா இரண்டு மூன்று இடத்தில் பெண் பார்த்தாள். மாப்பிள்ளை துப்பாக்கிகளோடு தூங்குகிறவன் என்று தெரிந்ததும் அக்கா வீட்டுக்குப் பேச வந்த பெண் வீட்டார் காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

தனிமையாக இருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ரொம்பத் தனிமையாக இருந்தது. நாள் முழுக்க இரும்பைத் தொட்டுக்கொண்டு, கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மனுஷனுக்குத் தன் குரலே மறந்துபோகும். ஜன்னல் திறக்கிற நேரத்துக்காக நான் காத்திருப்பேன். ஆனால் காவலர்கள் பாவம், களைத்து வருகிறவர்கள். துப்பாக்கியை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். ஜன்னல் வெளியே நின்று பேசுகிறவன் ஒருவன்தான். அவன் பெயர் சவரிமுத்து.

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் பிறந்து வளர்ந்தவன். நெடுநெடுவென்று இருப்பான். துப்பாக்கியை நீட்டும்போதே, "இன்னா அண்ணாத்தே, சோறு துன்னியா?" என்று கேட்பான். நான் சாப்பிட்டேனா என்று அந்த வளாகத்தில் கேட்ட ஒரே ஆள் அவன். பிறகு ஜன்னலுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு பீடியைப் பற்றவைப்பான். விதிப்படி ஜன்னலைச் சாத்த வேண்டும். நான் ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு பேச்சுக் கேட்பேன்.

பேச்சில் பாதி அவன் குழந்தையைப் பற்றி இருக்கும். அவன் மனைவி குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். குழந்தையை மனைவியின் அக்கா, இவன் அண்ணி என்று கூப்பிடுகிறவள், எடுத்துக்கொண்டு போய் எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் முகத்துவாரக்குப்பத்தில் வளர்த்துவந்தாள். சவரி லீவு நாளில் பூசை முடிந்ததும் அங்கே போவான். தூரத்தில் உட்கார்ந்து குழந்தையைப் பார்ப்பான். திரும்பி வந்துவிடுவான்.

"தூக்கினியா?" என்று கேட்பேன்.

"இல்ல அண்ணாத்தே. அண்ணி ஒரு மாதிரி பாக்குது. எங்கம்மா போச்சு, அப்பால பொஞ்சாதி போச்சு. என் கை ராசியில்லாத கைன்னு அங்க சொல்லிகினு கீறாங்க. கொஞ்ச நாளு போவட்டும். வேல நிரந்தரமாச்சுன்னா, ஒரு வூடு பாத்து, கொயந்தைய இட்டாந்துருவேன்."

வேலை நிரந்தரமாக வேண்டும், குழந்தை கைக்கு வர வேண்டும். அவனுக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அந்த ஆசைக்கு நடுவில்தான் துரு வந்து உட்கார்ந்தது.

அவன் துப்பாக்கியில் மட்டும் துரு ஏறிக்கொண்டே இருந்தது. குழலின் மேல் பழுப்பாக, தடம் தடமாக. நான் தேய்த்து எடுத்து எண்ணெய் போட்டுக் கொடுப்பேன். சில நாளில் மறுபடியும் வந்து நிற்கும். மற்றவர்களுடைய துப்பாக்கிகள் அதே அறையில், அதே காற்றில், அதே எண்ணெயில் சுத்தமாக இருந்தன. கிடங்குக் காவலுக்குப் பொறுப்பான அதிகாரி பழைய பட்டாளத்துக்காரர். கெட்டவர் அல்ல, ஆனால் துருவைக் கண்டால் அவருக்குச் சாமி வந்துவிடும்.

"மணல்ல சாய்ச்சு வச்சுட்டுத் தூங்குறான். எண்ணெயை வித்துத் தின்கிறான். வேற எப்படித் துரு பிடிக்கும்?" என்றார்.

சவரிக்கு வேறு துப்பாக்கி கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அதிலும் துரு வந்தது. அவன் வைத்திருந்த பழைய துப்பாக்கியோ அடுத்தவன் கையில் போனதும் பளபளவென்று ஆகிவிட்டது. அவ்வளவுதான், காவலர்களுக்குக் கதை கிடைத்துவிட்டது. சவரி கை பட்டால் இரும்புகூட அழுகிப்போகிறது என்று ஆரம்பித்தார்கள். முதலில் கிண்டலாகச் சொன்னார்கள். பிறகு உண்மையாகவே அவன் நீட்டும் தண்ணீர்க் குவளையை வாங்கத் தயங்கினார்கள். காவலர்களில் ஒருவன் முகத்துவாரக்குப்பத்துக்காரன். கதை அவனோடு பஸ் ஏறி அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய சோதனை வரப்போவதாகச் சொன்னார்கள். அதிகாரி முன்கூட்டியே எல்லாத் துப்பாக்கிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். சவரியின் துப்பாக்கியில் மறுபடியும் துரு. அன்று அவர் கத்தவில்லை. கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"கவனக்குறைவுன்னு எழுதி, இவனை நாளைக்கே அனுப்பிடுறேன். இவன் துப்பாக்கியைச் சோதனைக்காரங்க பாத்தா என் மானம் போயிடும்" என்றார் என்னிடம். துப்பாக்கியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தம்பிகளே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கும் கோபம் இருந்தது. துரு எடுத்து எடுத்து என் விரல் தேய்ந்திருந்தது. ஒரு நிமிஷம், அவன் தூங்கித்தான் இருப்பானோ என்றுகூட நினைத்தேன். ஆனால் துப்பாக்கி கையில் இருந்ததால் பழக்க தோஷத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துருவை எடுப்பதற்காக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அது எங்கே இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

குழலின் மேல்பக்கம் முழுக்க, நீளவாக்கில், நாலு கோடாகத் துரு. பக்கவாட்டில் கட்டைவிரல் போகிற தடத்தில் ஒரு கோடு. அடிக்கட்டையின் முனையில் ஒரு இரும்புத் தகடு உண்டு, அதை யாரும் சீண்டுவதில்லை, எண்ணெயும் போடுவதில்லை. அது துளி துருகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. திருகுகளின் பள்ளத்தில் துரு இல்லை. வார் மாட்டுகிற வளையத்தின் உள்பக்கம் துரு இல்லை. கவனிக்காமல் விட்ட இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, கவனித்த இடமெல்லாம் கெட்டிருக்கிறது. தூங்குகிறவன் துப்பாக்கி இப்படி இராது.

அப்போது எங்களுக்கு இருந்த வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். துணிக்குத் தட்டுப்பாடு என்பதால் காவலர்களுக்குக் கந்தல் துணி கொடுப்பதை அலுவலகம் நிறுத்தியிருந்தது. காவல் முடிந்து வந்ததும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கிண்ணத்தில் எண்ணெய் தொட்டு, உள்ளங்கையாலேயே குழல் முழுக்கத் தேய்த்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. மற்றவர்கள் பேருக்கு ஒரு தடவு தடவி நீட்டிவிடுவார்கள். சவரி மட்டும் உட்கார்ந்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, மேலும் கீழுமாகத் தேய்ப்பான். துரு வருகிறதென்று திட்டு வாங்க வாங்க இன்னும் அதிகமாகத் தேய்த்தான். அவன் உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருக்கும், மார்கழியிலும். அந்த வியர்வையில் உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். உப்பைக் கீழே வைத்து எண்ணெயை மேலே பூசினால், திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின கதைதான். எல்லாரையும்விட அக்கறையாகப் பார்த்தவன் துப்பாக்கி எல்லாருடையதையும்விடக் கெட்டது அதனால்தான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! ஜன்னலைத் திறந்து சவரியைக் கூப்பிட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப என் கைதானா அண்ணாத்தே?"

"கைன்னா, கையில வர்ற வேர்வடா. உன் மேல தப்பு இல்லன்னு சொல்றேன்."

"நீ வேர்வன்னுவே. குப்பத்துல இன்னான்னு கேப்பாங்க? நாளிக்கி ஆபீசரே சொல்ட்டாருன்னுவாங்க, சவரி கை பட்டா இரும்பு கெடுதுன்னு. அதானே போயி சேரும்? அப்பால அண்ணி கொயந்தைய என் கையில குடுக்குமா?" அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சொல்லாத அண்ணாத்தே. உன் கால்ல வியறேன். தூங்கினான்னே எய்தட்டும். சோம்பேறின்னு பேரு வந்தா வேற வேல தேடிக்கலாம். கைய இன்னா பண்றது? வெட்டியா போடறது?"

உண்மையைச் சொன்னால் வேலை பிழைக்கும், குழந்தை போகும். சொல்லாவிட்டால் வேலை போகும், வேலை இல்லாதவனிடமும் குழந்தை வராது. இந்த மாதிரி சமயத்துக்கு எந்தப் பயிற்சியிலும் பாடம் கிடையாது. கைத் துருவைப் பற்றி அவனுக்கு நான் சொன்ன விளக்கம் சரிதான், ஆனால் சரியான விளக்கம் ஒரு மனுஷனைக் காப்பாற்றிவிடும் என்று நான் நினைத்தது சிறுபிள்ளைத்தனம். அவன் தலை குனிந்து போவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். ஒருத்தன் கையை மட்டும் எடுத்துப் பேசினால் அது சாபம். எல்லார் கையையும் எடுத்துப் பேசினால்?

அதிகாரியிடம் போனேன். "சார், நாளைக்குக் காலை வரைக்கும் எழுதாம இருங்க. துரு எதனால வருதுன்னு கண்ணால காட்டிடறேன். ஆனா காவல்ல இருக்கற எல்லாரும் வரணும். ஒருத்தர் பாக்கியில்லாம" என்றேன்.

"வேடிக்கை காட்டுறியா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "நாளைக் காலைவரைக்கும்தான்" என்றார்.

பழைய இரும்புப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டினேன். மணல் காகிதத்தால் முகம் தெரிகிற மாதிரி தேய்த்து, வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன். ஒவ்வொருவரும் ஜன்னலில் கையை நீட்டி, ஒரு துண்டின் மேல் கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போனார்கள். யாருடையது எது என்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி முதுகில் கீறி வைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டுதான் போனார்கள். சவரி சிரிக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாயே என்ற மாதிரி பார்த்துவிட்டு விரலை வைத்தான். துண்டுகளை ஒரு மரப்பெட்டியில் ஈரச் சாக்கோடு வைத்து மூடினேன்.

காலையில் திறந்தபோது பெரும்பாலான துண்டுகளில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் புகை படிந்த மாதிரி லேசாக ஏதோ தெரிந்தது. சவரியின் துண்டில் விரல் ரேகை வளையம் வளையமாகப் பழுப்பாக எழும்பி நின்றது. அவனுடையது மட்டும் அல்ல. இன்னொரு துண்டும் அச்சு அசல் அப்படியே இருந்தது. திருப்பி முதுகைப் பார்த்தேன். காதர் பாய்.

காதர் பாய் எங்கள் காவலர்களுக்கெல்லாம் தலைவர். வண்ணாரப்பேட்டைக்காரர், வயதில் மூத்தவர். தலைவர் என்பதால் அவர் கையில் தடியும் விசிலும்தான், துப்பாக்கி இல்லை. ஆனால் அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது வேறு விஷயம். காதர் பாய் கைராசிக்காரர். வண்ணாரப்பேட்டையில் புதுக் கடை திறந்தால் முதல் போணி அவர்தான் பண்ண வேண்டும். காசிமேட்டில் புதுப் படகு தண்ணீரில் இறங்கினால் அவர் வந்து கை வைத்துத் தள்ள வேண்டும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பார்க்காமல் கூப்பிடுவார்கள். அவரும் பூ வைத்த தட்டு மாதிரி அந்தக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு போய்வருவார். பெரிய சம்பளமில்லை, சொத்தில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய கௌரவம்.

அதை மேஜைமேல் எடுத்துப் போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? போடாவிட்டால் சவரி தனியாக மாட்டுவான். எல்லாரும் வரிசையில் நிற்கும்முன் பாயை ஜன்னலுக்குக் கூப்பிட்டேன்.

"இன்னாப்பா, காலங்காத்தால கூப்டுகினு?" என்று வந்தார்.

இரண்டு துண்டுகளையும் கம்பி வழியாகக் காட்டினேன். "இது சவரியோடது பாய். இது உங்களோடது."

அவர் கட்டைவிரலைத் தன் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"வேற யாருக்குனா காட்டினியா?"

"இல்ல பாய்."

"இத்த எடுத்து உள்ள வச்சிட்டா?"

"சவரி ஒருத்தன் கைதான் கெட்ட கைன்னு ஆயிடும். நீங்க சொன்னா உள்ள வச்சிடறேன் பாய். உங்க பேரு எனக்குத் தெரியாததில்ல."

அவர் திரும்பி நடந்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. முடிவை அவரிடம் விட்டேனே தவிர, துண்டுகள் என் கையில்தான் இருந்தன. எடுத்து ஒளிக்க மனசு வரவில்லை. மேஜையை வெளியே இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பினேன். பெயர் சொல்வதில்லை என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டேன்.

அதிகாரி வந்தார். நான் உப்பு, வியர்வை, உள்ளங்கை, கந்தல் துணி நின்றுபோனது எல்லாம் சொன்னேன். அவர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, பழுப்பான இரண்டையும் எடுத்துத் தனியாக வைத்தார்.

"இது யாருது?"

சவரி ஒரு அடி முன்னால் வந்தான். தலை நிமிரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு கேட்டது. முகத்துவாரக்குப்பத்துக்காரன் பக்கத்தில் நின்றவன் காதில் என்னமோ சொன்னான்.

"இன்னொண்ணு?"

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார். "உன்னைத்தான் கேக்கிறேன், இன்னொண்ணு யாருது?"

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னுது சார்."

காதர் பாய் நடந்துவந்து சவரிக்குப் பக்கத்தில் நின்றார். அந்தத் துண்டை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"நல்லாப் பாத்துக்கோங்கடா. எங்கைதான். இவன் கைக்கும் எங்கைக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. வேர்த்தா ரெண்டும் துருதான்."

படகு வைத்திருக்கும் குடும்பத்துக் காவலன் ஒருவன், காசிமேட்டுக்காரன், பயந்துபோய்க் கேட்டுவிட்டான். "பாய், எங்க படக நீங்கதானே தள்ளினீங்க?"

"தள்ளினேன். மெதக்குதா, முய்கிப்போச்சா?"

"மெதக்குது பாய்."

"மீனு வருதா?"

"வருது பாய்."

"அப்பால இன்னாடா உனக்கு பேஜாரு?"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது வரிசை முழுக்கப் பரவியது. அதிகாரிகூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். குப்பத்துக்காரன் கடைசியாகச் சிரித்தான், ஆனால் சிரித்தான். சவரி மட்டும் அழுதுகொண்டிருந்தான். பாய் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். பல மாதமாக யாரும் தொடாத கை அது.

அதிகாரி கெட்டவர் அல்ல என்று முன்பே சொன்னேன். கவனக்குறைவு என்று எழுதவில்லை. கந்தல் துணியை மறுபடி கொடுக்க ஏற்பாடு செய்தார். "ஆனா இந்தக் கையில நான் துப்பாக்கி கொடுக்க மாட்டேன். அதுவும் நியாயம்தானே?" என்று என்னைக் கேட்டார். நியாயம்தான். எண்ணூர்ப் பக்கம் இருந்த எங்கள் கிடங்கில் வாசல் காவலுக்குச் சவரியை மாற்றினார். கையில் தடி போதும், வேலையும் நிரந்தரம்.

அடுத்த லீவு நாளில் பாய் சவரியை அழைத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள். மாற்று ஆள் இல்லை, சாவி என் இடுப்பில். நான் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்று பாய் வந்து சொன்னதுதான். அண்ணி வீட்டு வாசலில் உட்கார்ந்து, இந்தத் துரு விவகாரத்தை முழுக்கச் சொல்லி, "எங்கைய நம்பி எத்தினி பேரு கடை தொறந்துகிறாங்க. இவன் கையும் அதே கைதாம்மா" என்றாராம். அவளும் கல் நெஞ்சுக்காரி அல்ல, தங்கையைப் பறிகொடுத்த பயம் அவளுக்கு. வெகு நேரம் யோசித்து, குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாளாம். சவரி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தானாம், வாங்காமல். "வாங்குடா, அது இன்னா துப்பாக்கியா?" என்று பாய் அதட்டிய பிறகுதான் வாங்கினானாம்.

காதர் பாயைப் போணிக்குக் கூப்பிடுவது குறைந்தது. அதையும் நான் சொல்லியாக வேண்டும். காசிமேட்டில் தொடர்ந்து கூப்பிட்டார்கள், வண்ணாரப்பேட்டையில் சில கடைகளில் விட்டுவிட்டார்கள். அவர் ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் நியாயத்தை நிலைநாட்டும்போது அதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பல சமயம் அது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

என் பங்குக்கு நானும் கொஞ்சம் கொடுத்தேன். சவரி எண்ணூருக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்த காவலன் நல்ல பையன். துப்பாக்கியை நன்றாகத் துடைத்து நீட்டுவான், கையெழுத்துப் போடுவான், போய்விடுவான். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். சோறு தின்றாயா என்று கேட்க ஆள் இல்லை. சில நாள் சமைக்கவும் தோன்றாது. அந்தப் பெட்டியையும் பட்டையையும் தூக்கிக்கொண்டு நான் திரியாமல் இருந்திருந்தால் அவன் இங்கேயே இருந்திருப்பானா என்று சில சமயம் யோசிப்பேன். இருந்திருக்க மாட்டான், வேலையை விட்டே போயிருப்பான். அது தெரிந்தும் மனசு கேட்காது. செய்தது சரி என்பதால் தனிமை குறைந்துவிடாது. இந்த வேலையில் இருக்கப்போகிற நீங்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாதங்கள் கழித்து ஒரு பகலில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தேன். சவரி நின்றுகொண்டிருந்தான். தோளில் ஒரு பெண் குழந்தை, மொட்டைத் தலையும் காதில் பொட்டுத் தோடுமாக.

"வெளிய வா அண்ணாத்தே."

"உள்ள வேல கீதுடா."

"துப்பாக்கி எங்கியும் ஓடிறாது, வா."

கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. அவன் குழந்தையை என்னிடம் நீட்டினான். "கையெல்லாம் எண்ணெடா" என்றேன். "இருக்கட்டும், புடி" என்று கொடுத்துவிட்டான். எனக்கு எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. இரண்டு கையையும் நீட்டி, உடம்பில் படாமல் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். சவரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அணைச்சிப் புடி அண்ணாத்தே. வெடிச்சிடாது."

அணைத்துப் பிடித்தேன். சூடாக இருந்தது. அந்தக் கைகளால் இரும்பைத் தவிர வேறொன்றைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்தது. நான் அழுவதைப் பார்த்து அது சிரித்ததா, சிரித்ததால் எனக்கு அழுகை வந்ததா என்று நினைவில்லை.

அவர்கள் போன பிறகு உள்ளே வந்து வேலையில் உட்கார்ந்தேன். தெருவில் அவர்கள் குரல் தேய்ந்து தேய்ந்து போவது கேட்டுக்கொண்டிருந்தது. அன்று பொழுது சாயும்வரை ஜன்னலைச் சாத்தவில்லை. கடல்காற்று நேராகத் துப்பாக்கிகளின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.